மூடி வைத்தாலும் சுடும் லேப்டாப்

சேலையூரில் இருந்த அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் உண்டு. ஆனால் ஜான்சி வருகிற நாளில் மட்டும் அது ஓடாது. இந்த மாதத்தில் இரண்டு முறை வந்தாள், இரண்டு முறையும் மூன்று மாடி ஏறினாள். இன்றும் லிஃப்ட் கதவில் ஓர் அட்டை தொங்கியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. முதுகில் கருவிகள் அடைத்த பை, தலையில் ஹெல்மெட் அழுத்திய வலி, வயிற்றில் காலையில் நின்றுகொண்டே விழுங்கிய இரண்டு இட்லி. பெருமூச்சு விட்டுவிட்டு ஏறினாள்.

ஜான்சிக்கு முப்பத்தொன்பது வயது. பீர்க்கன்கரணையில் வீடு. சிறுசேரியில் இருக்கும் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியின் லேப்டாப்புகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. ஆனால் அவள் அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை. கம்பெனி ஒருவருக்குக் கான்ட்ராக்ட் கொடுத்தது, அவர் அதை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டார், அந்த இன்னொருவரிடம்தான் இவள் சம்பளம் வாங்குகிறாள். கம்பெனிக்காரர்கள் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால், எந்த வீட்டில் எந்த லேப்டாப் மக்கர் செய்தாலும் இவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். கூடுவாஞ்சேரியிலிருந்து மேடவாக்கம் வரை அவள் ஏறாத மாடி பாக்கியில்லை.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. பழுதைச் சரி செய்து புகாரை மூடிய பிறகு, வாடிக்கையாளர் அதே புகாரை மறுபடி திறந்தால் அதற்கு ரீஓப்பன் என்று பெயர். ஒரே புகாருக்கு மூன்று ரீஓப்பன் விழுந்தால் போதும், இன்ஜினியரை ப்ராஜெக்டை விட்டு எடுத்துவிடுவார்கள். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. போன மாதம் கூட வேலை பார்த்த ஃபிரெடியை அப்படித்தான் எடுத்தார்கள். பதினொரு வருஷ அனுபவம் உள்ளவனை ஒரே ஒரு பிரிண்டர் புகார் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஜான்சி வீட்டில் இருப்பதே ஒரே ஒரு சம்பளம், அது அவளுடையது.

மூன்றாம் மாடிக்காரர் பெயர் ஜெயகிருஷ்ணன். அந்தக் கம்பெனியில் மேனேஜர். 'லேப்டாப்பை மூடி, தூங்க வைத்துவிட்ட பிறகும் கொதிக்கிறது' என்பது அவர் புகார். முதல் முறை வந்தபோது ஜான்சி ஃபேனைக் கழற்றித் தூசி தட்டினாள். நான்காம் நாள் ரீஓப்பன். இரண்டாம் முறை ஃபேனையும் பேட்டரியையுமே மாற்றினாள். ஒரு வாரத்தில் அடுத்த ரீஓப்பன். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் இதை மூடாவிட்டால் கம்ப்யூட்டரே தானாக மூன்றாவதை எழுதிவிடும்.

கதவைத் திறந்தது அவர் மனைவி சாவித்ரி. "வாம்மா. இன்னும் சுட்டுக்கிட்டுதான் இருக்கு. நீ என்னதான் மாத்தினே?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கொத்தமல்லி வாடியிருக்கிறதே என்று காய்காரரைக் கேட்பது போலத்தான் கேட்டாள். ஜான்சிக்கு அதுவே பொறுக்கவில்லை. ஆனாலும் சிரித்து வைத்தாள். வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றும் ஒரு சட்டம் இருக்கிறது.

ஜெயகிருஷ்ணன் கூடத்தில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு இருக்கும். மெலிந்துபோயிருந்தார். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் காலி செய்தார். நல்ல மனிதர்தான். போன முறை மின்விசிறியை இவள் பக்கம் திருப்பிவிட்டவர். அதனாலேயே அவர் மேல் முழுசாக எரிச்சல்படவும் முடியவில்லை.

ஜான்சி வேலையைத் தொடங்கினாள். மூடினால் லேப்டாப் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் இடத்தைப் பார்த்தாள். 'தூங்கு' என்றுதான் இருந்தது. ஃபேன் ஓடியது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தது. லேப்டாப்பை மூடி மேஜையிலேயே வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தாள். தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுமே, அந்தக் கதைதான்.

"சார், எங்க வச்சிருப்பீங்க இத?"

"இங்கதாம்மா. மேஜை மேலதான்."

போன இரண்டு முறையும் அதே பதிலைத்தான் சொன்னார். ஜான்சி பேட்டரியின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தாள். எப்போது இயங்கியது, எப்போது தூங்கியது என்று லேப்டாப் தனக்குத்தானே எழுதி வைக்கும் குறிப்பு அது. அவர் வீட்டிலிருந்த நாட்களில் எல்லாம் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை இயங்கியதாகத்தான் இருந்தது. முன்பே இதைப் பார்த்திருக்கிறாள். மேனேஜர் வேலை பார்க்கிறார், அதிலென்ன என்று விட்டுவிட்டாள்.

போன் அடித்தது. அவளுக்கு மேலே இருக்கும் டீம் லீட் எழில். இவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"இன்னாக்கா, சேலையூர் கேஸு இன்னா ஆச்சி?"

"பாத்துக்கினு கீறேன்பா."

"அஞ்சு மணிக்குள்ளக்கா, மறந்துடாத. மேல ரீஓப்பன் லிஸ்ட் கேட்டுகினே கீறாங்க. மூணாவது வுழுந்துச்சினா என் கையில ஒண்ணுமே கெடையாது. நீ பேஜார் ஆனாலும் சரி, நான் பேஜார் ஆனாலும் சரி."

"தெரியும்பா, வை."

போனை வைத்தபோது அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் அழவும் ஒரு தெம்பு வேண்டுமே. தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தாள். மணி ஒன்றே முக்கால்.

அடுத்த பத்து நிமிஷத்தில் சமையலறையிலிருந்து சாவித்ரி வந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டே, "ஏங்க, ரெண்டு ஆகப்போகுது. குடுங்க," என்றாள்.

"இன்னிக்கு வேண்டாமே. இந்தப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கா," என்றார் அவர்.

ஜான்சி நிமிர்ந்து பார்த்தாள். "எதம்மா குடுக்கச் சொல்றீங்க?"

"லேப்டாப்பத்தான். இவர் வீட்டுல இருக்கற நாள்ல எல்லாம் ரெண்டு மணிக்கு நான் வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிடுவேன். அஞ்சு மணிக்குத்தான் திரும்பக் குடுப்பேன்."

மூன்று தடவை, ஒன்பது மாடி, ஒரு ஃபேன், ஒரு பேட்டரி. இந்த பீரோ என்ற வார்த்தையை இந்த வீட்டில் ஒருவரும் இதுவரை வாயைத் திறந்து சொல்லவில்லை. ஜான்சிக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"சாவித்ரி, அதெல்லாம் எதுக்கு இப்ப," என்றார் ஜெயகிருஷ்ணன்.

"ஏன் சொல்லக் கூடாது? பங்குனியில ஸ்டென்ட் வச்சிருக்கும்மா இவருக்கு. மத்தியானம் மூணு மணி நேரம் படுத்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். இவர் எங்க படுப்பார்? ஆபீஸுக்கு வைரல் ஃபீவர்னு ஒரு வாரம் லீவு போட்டுட்டு எட்டாம் நாள் மீட்டிங்கில உக்காந்துட்டார். அதான் பூட்டு. அந்த பீரோவுலதான் சுடுது. என் கல்யாணப் புடவையத் தொட்டா இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி இருக்கு. வெடிச்சுகிடிச்சுத் தொலைச்சா? நான்தான் பக்கத்துல நின்னு கம்ப்ளெயின்ட் போட வச்சேன், மூணு தடவையும்."

ஜெயகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாத விஷயம், கம்பெனி அனுப்பிய ஆளிடமே போய்விட்டது.

ஜான்சி யோசித்தாள். இரும்பு பீரோ, பட்டுப்புடவைக்கு நடுவே காற்றோட்டம் கிடையாது, அது சரி. ஆனால் தூங்குகிற லேப்டாப்பைப் புடவைக்குள் சுற்றி வைத்தாலும் அது இவ்வளவு சுடாதே. "சார், தினமும் எப்படிக் குடுப்பீங்களோ அப்படியே குடுங்க. அம்மா, நீங்களும் எப்படி வைப்பீங்களோ அப்படியே வையுங்க. நான் பாக்கறேன்," என்றாள்.

அவர் மனைவியையும் ஜான்சியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு நிமிஷம். சேவ் பண்ணிக்கறேன்," என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இருவருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்து ஏதோ தட்டினார். மூடினார். கொடுத்தார். சாவித்ரி அதைக் கொண்டுபோய் உள்ளறை பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள். பிறகு ஜான்சிக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். உப்பு சரியாக இருந்தது. அன்றைக்கு அவளுக்கு வாய்த்த ஒரே நல்ல காரியம் அந்த மோர்தான்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துத் திறந்தார்கள். லேப்டாப்பைத் தொட்டதும் ஜான்சி கையை இழுத்துக்கொண்டாள். முந்தானையால் பிடித்துக் கொண்டுவந்து கூடத்து மேஜையில் வைத்தாள் சாவித்ரி. ஜான்சி திறந்தாள்.

தூங்கி எழுந்த லேப்டாப் பாஸ்வேர்டு கேட்க வேண்டும். இது கேட்கவில்லை. தூங்கவே இல்லையே, பிறகு எங்கே எழுவது? திரையில் ஒரு மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. 'டிசைன் ரிவ்யூ' என்று பெயர். ஓரத்தில் நேரம் இருபத்தேழு நிமிஷம் என்று காட்டியது. நடுவில் ஒரே ஒரு வட்டம், அதற்குள் ஜெயகிருஷ்ணனின் போட்டோ. அவள் இன்னோர் இடத்தைத் திறந்து பார்த்தாள். 'மூடினால் தூங்கு' என்று இருந்த இடத்தில் இப்போது 'மூடினாலும் ஒன்றும் செய்யாதே' என்று இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் வைஃபை சரியாகக் கிடைக்காமல், விட்டு விட்டுப் பிடித்து, மறுபடி மறுபடி முயன்று, அந்த மெஷின் மூச்சு முட்டியிருக்கிறது. சுடாமல் என்ன செய்யும்?

"யாரோட மீட்டிங் இது?" என்றாள் சாவித்ரி. அவள் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு யாரு இருக்காங்க இதுல?"

"நான் மட்டும்தான்," என்றார் ஜெயகிருஷ்ணன்.

சாவித்ரிக்குப் புரியவில்லை. ஜான்சிக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி உண்டு. ஆள் வேலையில் இருந்தால் பச்சை. ஐந்து நிமிஷம் கை வைக்காவிட்டால் மஞ்சள். மீட்டிங்கில் இருந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் மும்முரமாக இருக்கிற பெரிய மனிதர் என்று அர்த்தம். இவர் இரண்டு மணி ஆனால் தன்னோடு தானே ஒரு மீட்டிங்கைத் தொடங்கி, அதைப் புடவைக்குள் அனுப்பிவிட்டுப் படுத்திருக்கிறார். ஐந்து மணிக்கு லேப்டாப் கைக்கு வந்ததும் பழையபடி 'தூங்கு' என்று மாற்றி வைத்திருக்கிறார்.

"அப்ப நான் பூட்டினதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் சாவித்ரி மெதுவாக. அவள் சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜான்சிக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "சார், நான் ஃபேனக் கழட்டும்போது இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தீங்க. பேட்டரி மாத்தும்போதும் பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"தப்புதாம்மா. வேற புது லேப்டாப் குடுத்தா இவ்வளவு சுடாதுன்னு நெனச்சேன். மதர்போர்டு ஃபால்ட்டுன்னு போட்டு மாத்திக் குடுத்துடேன். உனக்கு அஞ்சு ஸ்டார் போடறேன். பெருசா பாராட்டி எழுதறேன்."

"ஸ்டாரை வச்சு நான் என்ன சார் பண்றது? மெஷின் ஃபால்ட்டுன்னு போட்டா, ரெண்டு தடவையும் நான் கண்டுபிடிக்காம விட்டதா ஆயிடும். புது லேப்டாப்பும் அந்தப் புடவைக்குள்ள சுடத்தான் செய்யும். மூணாவது ரீஓப்பன் விழும். என்னை எடுத்துடுவாங்க. பயன்படுத்துறவர் பக்கத் தவறுன்னு போட்டாத்தான் என் மேல இருக்கற ரெண்டும் அழியும். அதுக்கு இந்தக் குறிப்பை அப்படியே வச்சு அனுப்பணும்."

"அது மெயில்ல என் மேலதிகாரிக்கும் போகுமே?"

"போகும் சார்."

"அதுல மீட்டிங் பேர் வருமா?"

"எந்த ஆப் எத்தன மணி நேரம் ஓடிச்சுன்னு வரும்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "எனக்குக் கீழ பதினெட்டு பேர் இருந்தாங்கம்மா. ஆனியில அத்தனை பேரையும் வேற ஒருத்தர்கிட்ட மாத்திட்டாங்க. நான் இப்பவும் மேனேஜர்தான். யாரை மேனேஜ் பண்றேன்னு எனக்கே தெரியாது. இதுல நெஞ்சுல கம்பி வச்சிருக்கு, மத்தியானம் படுத்துடறான்னு தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க சொல்லு. இந்த வயசுல என்னை யார் எடுப்பா?"

ஜான்சிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் அடுத்த வாரம் அவள் ஃபிரெடியின் பக்கத்தில் நிற்பாள். தவிர, புகாரை மூடுவது அவள் கையில் மட்டும் இல்லை. வாடிக்கையாளர் போனுக்கு ஓர் ஓடிபி வரும், அதை அவர் சொன்னால்தான் மூட முடியும். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. எழிலிடமிருந்து இரண்டு மெசேஜ் வந்திருந்தது. அவள் திறக்கவில்லை.

அவள் தேடியது ஒரு வழி, அவ்வளவுதான். அவரைக் குத்த வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. "சார், இந்த ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் உங்களைத் தேடுறது யாரு? மேலதிகாரியா, டீம்காரங்களா? அவரு அந்த நேரத்துல கூப்பிடுற ஆளான்னு பாப்போம். கூப்பிடாத ஆளுன்னா அந்த மெயிலையும் படிக்க மாட்டாரு."

அவர் வந்து உட்கார்ந்தார். அந்த மீட்டிங்கின் பக்கத்தைத் திறந்து மேலே நகர்த்தினார். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வரி இருந்தது. மீட்டிங் தொடங்கியது. மீட்டிங் முடிந்தது, மூன்று மணி இரண்டு நிமிஷம். மீட்டிங் தொடங்கியது. மீட்டிங் முடிந்தது, இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம். இடையில் ஒரு வரியும் இல்லை. பிறகு மேலதிகாரியின் பெயரைத் திறந்தார். மதியத்தில் ஒரு மெசேஜும் இல்லை. பழைய டீம்காரர்கள் ஒவ்வொருவர் பெயராகத் திறந்தார். ஆவணி, ஆடி, ஆனி என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தார். ஒரு நாள் மூன்றரை மணிக்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது. அவசரமாக அதைத் திறந்தார். கம்பெனி கம்ப்யூட்டர் எல்லோருக்கும் தானாக அனுப்புகிற பிறந்தநாள் வாழ்த்து.

மறுபடியும் ஒருமுறை முதலிலிருந்து தேடினார். ஜான்சிக்கு, போதும் சார் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது நினைத்து என்ன செய்வது, கேட்டாயிற்று.

"அந்த நேரத்துல நான் இல்லாம இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது," என்றார் ஜெயகிருஷ்ணன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. லேப்டாப்பை ஜான்சி பக்கம் திருப்பி, "நீ போடும்மா. என் பக்கத் தவறுன்னே போடு. குறிப்பையும் வச்சு அனுப்பு," என்றார்.

"சார், வேணும்னா நான் எழில்கிட்ட பேசி…"

"வேண்டாம். யாரும் படிக்கப் போறதில்ல. போடு."

ஜான்சி போட்டாள். 'பயன்படுத்துபவர் பக்கம்' என்ற கட்டத்தைத் தொட்டாள், குறிப்பை இணைத்தாள். அவர் போன் கிணுகிணுத்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "நாலு. ஏழு. ஒண்ணு. ஏழு." அவள் அடித்தாள். புகார் மூடப்பட்டது என்று வந்தது. அவள் பெயருக்கு எதிரே இருந்த இரண்டு ரீஓப்பனும் அழிந்து பூஜ்யம் ஆனது. இதற்காகத்தான் மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லாமல் அலைந்தாள். சந்தோஷம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தும் பார்த்தாள். வரவில்லை. உடம்பு முழுக்க அசதிதான் இருந்தது.

லேப்டாப்பை முழுசாக அணைத்துக் கொடுத்தாள். "இனிமே ரெண்டு மணிக்கு இப்படி ஆஃப் பண்ணிட்டே குடுங்க சார். எங்க வச்சாலும் சுடாது."

அவர் தலையாட்டினார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே போனபோது கூப்பிட்டார். "ஏம்மா, நாளைக்கு மத்தியானம் யாராவது என்னைத் தேடினா?"

ஜான்சி நின்றாள். "போன் பண்ணுவாங்க சார்," என்றாள்.

யாரும் பண்ண மாட்டார்கள் என்பது அந்தக் கூடத்தில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அவர் போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, தலைமாட்டில் வைக்கத் தோதாகக் கையில் பிடித்துக்கொண்டார். சாவித்ரி சோபாவிலிருந்து எழுந்தாள். அவர் கையிலிருந்து அதை அவள் பிடுங்கவில்லை.

"சரி, வந்து படுங்க," என்றாள்.